வாடகை வீட்டுக்குக் காஸ்ட் செக்ரிகேஷன்: கட்டணத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது

நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். டல்லாஸின் வடக்குப் புறநகரில் 2025 ஜூன் மாதம் ஒப்பந்தம் போட்டு, ஜூலையில் 5 லட்சம் டாலருக்கு ஒரு தனி வீட்டை வாங்கி, அந்த மாதமே வாடகைக்கும் விட்டுவிட்டீர்கள். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் முழுநேர வேலையில் இருக்கிறீர்கள். இருவருக்கும் சேர்த்து ஆண்டு வருமானம் 3 லட்சம் டாலரைச் சற்றே தாண்டுகிறது. காஸ்ட் செக்ரிகேஷன், அதாவது வீட்டின் விலையைத் தேய்மானக் கணக்குக்காக உறுப்பு வாரியாகப் பிரிக்கும் ஆய்வு செய்து தரும் நிறுவனம் ஒன்று 3,200 டாலர் கட்டணம் கேட்கிறது; முதல் ஆண்டிலேயே 80,000 டாலருக்கு மேல் தேய்மானக் கழிவு கிடைக்கும் என்றும் சொல்கிறது. கட்டணம் நியாயமானதா, ஆய்வு எப்படி நடக்கும், செய்யலாமா, இதையே உங்கள் சென்னை ஃபிளாட்டுக்கும் செய்ய முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

கட்டணம் சந்தை நிலவரத்தை ஒட்டியதுதான். அந்த நிறுவனம் சொல்லும் 80,000 டாலரும் பொய்க்கணக்கு அல்ல. ஆனாலும் இந்த ஆண்டு நீங்கள் இந்த ஆய்வைச் செய்ய வேண்டாம் என்பதே என் பதில். கிடைக்கிற கழிவை உங்களால் இப்போது பயன்படுத்த முடியாது. அதைவிட முக்கியமாக, இப்போது அவசரப்பட்டு எடுத்தால் பின்னாளில் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு வாய்ப்பையும் இழக்க நேரலாம். ஏன் என்பதை விளக்க, ஆய்வு என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் குடியிருப்பு வாடகைக் கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். கடை, அலுவலகம் போன்ற வணிகக் கட்டடங்களுக்கு இது 39 ஆண்டுகள். நிலம் தேய்வதில்லை என்பதால் அதற்குக் கழிவே கிடையாது. ஆனால் நீங்கள் வாங்கியது வெறும் சுவரும் கூரையும் மட்டுமல்ல. உள்ளே ஃபிரிட்ஜும் அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் தரைக் கம்பளமும் ஜன்னல் பிளைண்டுகளும் இருக்கின்றன. வெளியே வேலியும், கார் நிறுத்தும் கான்கிரீட் பாதையும், புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களும் இருக்கின்றன. முதல் வகையை 5 ஆண்டுகளிலும் இரண்டாவது வகையை 15 ஆண்டுகளிலும் தேய்மானம் செய்யச் சட்டமே இடம் தருகிறது. விற்பவர் இவற்றுக்குத் தனித்தனியாக விலை போட்டுத் தருவதில்லை என்பதால், மொத்த விலைக்குள் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று பொறியியல் முறையில் மதிப்பிட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிப்புத்தான் காஸ்ட் செக்ரிகேஷன். வரிச் சலுகை என்று பலர் இதைச் சொன்னாலும் இது புதிய சலுகை எதையும் தருவதில்லை, எப்படியும் 27.5 ஆண்டுகளில் கிடைக்கப்போகும் கழிவின் ஒரு பகுதியை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள வழி செய்கிறது.

இதன் சட்டப் பின்னணி சுவையானது. ஒரு பொருள் கட்டடத்தின் அங்கமா, தனிப் பொருளா என்ற வழக்கு, முதலீடு செய்தால் வரியில் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்த பழைய காலத்திலிருந்தே வருகிறது. 1975இல் ஒய்ட்கோ வழக்கில் அமெரிக்க வரி நீதிமன்றம் ஆறு கேள்விகளை வகுத்தது. பொருளை நகர்த்த முடியுமா, இதற்கு முன் நகர்த்தியிருக்கிறார்களா (இரண்டும் சேர்ந்து ஒரே கேள்வி), நிரந்தரமாக இருப்பதற்கென்றே செய்யப்பட்டதா, எவ்வளவு காலம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், அகற்றுவது எவ்வளவு பெரிய வேலை, அகற்றினால் எவ்வளவு சேதமாகும், எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது. 1997இல் ஹாஸ்பிடல் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா வழக்கில், அந்தப் பழைய அளவுகோல்களை இன்றைய தேய்மான முறைக்கும் பயன்படுத்தலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அந்த வழக்கில் கம்பளமும் வினைல் தரை விரிப்பும் தனிப் பொருள் என்று ஏற்கப்பட்டன. தொங்கு கூரைப் பலகைகள் கட்டடத்தின் அங்கமே என்று சொல்லப்பட்டது. எனவே பிரிப்பு என்பது கணக்காளரின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சத்தில் நிலத்துக்கு 1 லட்சம் என்று வைத்துக்கொண்டால் கட்டடம் 4 லட்சம். ஆய்வு எதுவும் இல்லையென்றால் முழு ஆண்டுத் தேய்மானம் சுமார் 14,545 டாலர். ஜூலையில் வாடகைக்கு வந்ததால் நடு மாத விதிப்படி (மாதத்தின் எந்த நாளில் வந்தாலும் நடுவில் வந்ததாகக் கொள்வது) முதல் ஆண்டுக்கு ஐந்தரை மாதக் கழிவு, அதாவது சுமார் 6,667 டாலர். ஆய்வின்படி 48,000 டாலர் 5 ஆண்டுப் பிரிவுக்கும் 32,000 டாலர் 15 ஆண்டுப் பிரிவுக்கும் போகிறது என்று கொள்வோம். கட்டட மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் பிரிவது தனி வீடுகளில் வழக்கமானதே. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் போனஸ் தேய்மானம், அதாவது விலையின் பெரும் பகுதியையோ முழுவதையுமோ முதல் ஆண்டிலேயே கழிக்கும் வசதி, உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2025 ஜனவரி 19க்குப் பிறகு வாங்கிய சொத்துகளுக்கு இந்தப் போனஸை மீண்டும் 100 சதவீதமாக்கி நிரந்தரமாக்கியது. அதற்கு முன் ஒப்பந்தம் போட்டிருந்தால், வீடு ஜூலையில் கைக்கு வந்திருந்தாலும் 40 சதவீதம்தான் கிடைத்திருக்கும்; உங்கள் ஒப்பந்தம் ஜூன் மாதத்தது என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆக 80,000 டாலர் முழுவதையும் முதல் ஆண்டிலேயே கழிக்கலாம். மீதி 3.2 லட்சத்துக்கு அந்த ஐந்தரை மாதத்தில் 5,333 டாலர். மொத்தம் 85,333. ஆய்வு இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் 78,667 டாலர் கூடுதல். உங்கள் 24 சதவீத வரி அடுக்கில் அது ஏறக்குறைய 18,900 டாலர் வரி மிச்சம். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் 2,909 டாலர் குறைவாகக் கழிப்பீர்கள், அதனால் சுமார் 700 டாலர் கூடுதலாக வரி கட்டுவீர்கள். 3,200 டாலர் செலவழித்து 18,900 டாலரை இன்றே கையில் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு 700 வீதம் திருப்பிக் கட்டுவது நல்ல பேரம்தான். விற்பனைப் பிரதிநிதி காட்டிய அட்டவணை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

அதற்கு மேல் தொடர்ந்தால்தான் உண்மை நிலை தெரியும். 1986 வரிச் சீர்திருத்தச் சட்டம் வாடகை வருமானத்தைப் பொதுவாகப் பேசிவ் வருமானம் (நேரடியாக உழைத்து ஈட்டாதது) என்று வகைப்படுத்தியது. பேசிவ் நஷ்டத்தை பேசிவ் லாபத்தில்தான் கழிக்கலாம்; சம்பளத்தில் கழிக்க முடியாது. வீட்டு நிர்வாகத்தில் ஓரளவு பங்கெடுப்பவர்களுக்கு 25,000 டாலர் வரை விலக்கு இருக்கிறது. ஆனால் சரிக்கட்டிய மொத்த வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டியதும் அது குறையத் தொடங்கி, 1.5 லட்சத்தில் பூச்சியமாகிவிடும். 1986இல் எழுதிய இந்த எண்கள் விலைவாசிக்கேற்ப இதுவரை ஒருமுறைகூட உயர்த்தப்படவில்லை. இருவரும் வேலை பார்க்கும் நம்மவர் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டன.

நீங்கள் தந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். மாத வாடகை 2,900 டாலர் என்றால் ஆண்டுக்கு 34,800. நான்கு லட்சம் கடனுக்கு 6.75 சதவீதத்தில் வட்டி மட்டும் சுமார் 27,000, சொத்து வரி 10,000, காப்பீடு 3,000. தேய்மானத்தைத் தொடுவதற்கு முன்பே 5,200 டாலர் நஷ்டம். சாதாரணத் தேய்மானத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 19,700 டாலர் நஷ்டம் எதற்கும் பயன்படாமல், பேசிவ் நஷ்டத்தைக் கணக்கிடும் 8582 எண் படிவத்தில் முடங்கி, அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே போகும். இருக்கிற தேய்மானத்தையே பயன்படுத்த இடமில்லாத நிலையில், மேலும் 78,667 டாலரைக் கொண்டுவந்து அதே கிடங்கில் அடுக்குவதற்குத்தான் 3,200 டாலர் கேட்கிறார்கள். இந்த ஆண்டு உங்கள் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது.

அப்படியானால் இந்த ஆய்வால் யாருக்குத்தான் பயன்? பல வாடகை வீடுகள் வைத்திருந்து அவற்றில் சில நல்ல லாபம் தருகிறவர்களுக்கு, அந்த லாபத்தில் இதைக் கழித்துக்கொள்ளலாம். தாம் நடத்தாத ஒரு கூட்டுத் தொழிலில் முதலீடு செய்து ஆண்டுதோறும் பேசிவ் லாபம் பெறுகிறவர்களுக்கும் பயன் உண்டு. அடுத்தது, தம்பதியரில் ஒருவர் ரியல் எஸ்டேட் ப்ரொஃபெஷனல் என்ற தகுதியைப் பெற்று, வாடகை நஷ்டத்தைச் சம்பளத்திலும் கழிக்க வழி தேடுவது. அதற்கு அவர் ஒருவரே ஆண்டில் 750 மணி நேரத்துக்கு மேல் இத்துறையில் வேலை செய்திருக்க வேண்டும். அவர் செய்யும் எல்லா வேலைகளிலும் பாதிக்கு மேல் இதுவாக இருக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் கணவன் மனைவி மணி நேரங்களைக் கூட்டி நிறைவு செய்ய முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் செலவழிக்கும் ஒருவர், ஒரு வீட்டைக் கவனிக்க 2,000 மணி நேரத்துக்கு மேல் செலவழித்ததாகச் சொன்னால் எந்தத் தணிக்கையாளரும் நம்ப மாட்டார். வேலையை விட்டவர், பகுதிநேரமாக மாறியவர், வீட்டு விற்பனை உரிமம் எடுத்து உண்மையாகவே அந்தத் தொழிலில் இறங்கியவர் ஆகியோருக்கே இது பொருந்தும்.

இன்னொரு வழி குறுகிய கால வாடகை. விருந்தினர் தங்கும் சராசரிக் காலம் ஏழு நாளுக்கு மிகாமல் இருந்தால், பேசிவ் விதிகளின்படி அது வாடகைத் தொழிலாகவே கருதப்படாது. அத்துடன் நீங்கள் அதில் கணிசமாகப் பங்கெடுத்ததாக நிரூபித்தால், நஷ்டத்தைச் சம்பளத்திலும் கழிக்கலாம். பலர் நம்பியிருக்கும் அளவுகோல், ஆண்டில் 100 மணி நேரத்துக்கு மேலும், வேறு எவரும் செய்ததற்குக் குறையாமலும் வேலை செய்திருக்க வேண்டும் என்பது. அந்த 'வேறு எவரும்' என்பதில் துப்புரவுப் பணியாளரும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்படி விடும் வீட்டின் கட்டடப் பகுதிக்கு 27.5 ஆண்டுகளுக்குப் பதில் பொதுவாக 39 ஆண்டுகள் ஆகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீங்கள் இன்னும் எச்-1பி விசாவில் இருப்பவர் என்றால், விருந்தினர் விடுதி போல ஒரு வீட்டை நீங்களே நடத்துவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படுமா என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். வரி மிச்சம் பார்க்கப் போய் விசாவுக்கு ஆபத்து தேடிக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

இனி, காத்திருப்பதால் என்ன லாபம் என்று பார்ப்போம். ஆய்வை வீடு வாங்கிய ஆண்டிலேயே செய்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்து, 3115 எண் படிவத்தின் மூலம் கணக்கு முறையை மாற்றிக்கொள்ள ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) தானாகவே அனுமதி தருகிறது. பழைய வரிக் கணக்குகளைத் திருத்தித் தாக்கல் செய்யத் தேவையில்லை. இதுவரை எடுக்காமல் விட்ட தேய்மானம் முழுவதையும், வீடு வாங்கிய ஆண்டுக்குரிய போனஸ் விகிதத்தோடு, மாற்றம் செய்யும் அந்த ஒரே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்று ஆய்வு செய்தால் அந்த 78,667 டாலர் பேசிவ் நஷ்டம் என்ற முத்திரையோடு முடங்கும். பின்னர் உங்களில் ஒருவர் வேலையை விட்டு ப்ரொஃபெஷனல் தகுதி பெற்றாலும் பழைய நஷ்டத்தின் முத்திரை மாறாது, சம்பளத்தில் கழிக்க அது வராது. அதையே தகுதி பெறும் ஆண்டில் 3115 மூலம் செய்தால், கழிவு அந்த ஆண்டின் கழிவாகவே வருவதால் இன்னொருவரின் சம்பளத்தில் நேராகக் கழியும். ஆகவே இப்போது ஆய்வு செய்வது பயனற்றது மட்டுமல்ல, பிற்காலத்தில் பயன்பட்டிருக்கக்கூடிய ஒன்றை இன்றே முடக்கி வைப்பதும் ஆகும்.

காத்திருக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. போனஸ் தேய்மானம் தானாகப் பொருந்தும். வேண்டாம் என்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். சில வரிக் கணக்காளர்கள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் வழக்கமாக அந்த 'வேண்டாம்' அறிவிப்பைச் சேர்த்துவிடுவதுண்டு. 2025 கணக்கில் அது சேர்ந்துவிட்டால், பின்னாளில் ஆய்வு செய்தாலும் அந்தப் பிரிவுகளுக்குப் போனஸ் கிடைக்காது. தாக்கலுக்கு முன் உங்கள் கணக்காளரிடம் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு வருவோம். தனி வீடுகளுக்கு மூன்று நிலைகளில் விலை இருக்கிறது. நீங்களே இணையத்தில் விவரங்களை நிரப்பினால் அறிக்கை தரும் மென்பொருள்கள் சில நூறு டாலர்களில் கிடைக்கின்றன. காணொளி வழியாக வீட்டைச் சுற்றிப் பார்த்து, பொறியாளர் மதிப்பிட்டுத் தரும் ஆய்வு 1,500 முதல் 4,000 டாலர் வரை ஆகிறது. உங்களிடம் கேட்டது இந்த வகை. நேரில் வந்து அளந்து செய்யும் ஆய்வு, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் 5,000இல் தொடங்கி 15,000 டாலரையும் தாண்டும். வீட்டின் விலையைவிட அதன் பரப்பு, கட்டடங்களின் எண்ணிக்கை, வாங்கிய பின் செய்த புதுப்பிப்பு வேலைகள், ஆவணங்களின் ஒழுங்கு ஆகியவையே கட்டணத்தை முடிவு செய்கின்றன. இதற்கு மேல் 3115 படிவம் தயாரிக்கக் கணக்காளர் தனியாகச் சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேலும் கேட்பார். இதை நிறுவனங்களின் விலைப்பட்டியலில் பார்க்க முடியாது. ஆய்வுக் கட்டணத்தை வாடகைச் செலவாகக் கழிக்கலாம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் உங்கள் நிலையில் அந்தக் கழிவும் அதே கிடங்குக்குத்தான் போகும். மிச்சமாகும் வரியில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசும் நிறுவனங்களை விட்டு விலகுங்கள். கட்டணம் கழிவோடு சேர்ந்து வளரும்போது மதிப்பீடு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே. ஐஆர்எஸ்ஸின் தணிக்கைக் கையேடும் அத்தகைய ஏற்பாட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

ஆய்வு நடக்கும் விதம் இதுதான். முதலில் இலவச முன்மதிப்பீடு ஒன்று தருவார்கள். அது ஒரு விற்பனைக் காகிதம், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒப்பந்தத்துக்குப் பின் க்ளோசிங் ஸ்டேட்மென்ட் (வாங்கிய நாளின் செலவுக் கணக்கு), வங்கிக்காகச் செய்த அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு), நில அளவை வரைபடம், வாங்கிய பின் செய்த வேலைகளின் ரசீதுகள், முந்தைய தேய்மான அட்டவணை ஆகியவற்றைக் கேட்பார்கள். பிறகு வீட்டைப் பார்த்து ஒவ்வொரு அறையிலும் உள்ளதை அளந்து, படமெடுத்து, எண்ணிக் குறிப்பார்கள். அதன்பின் கட்டுமானத் துறையில் பரவலாகப் பயன்படும் விலைத் தரவுகளைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் இன்று போட்டால் என்ன செலவாகும் என்று கணக்கிட்டு, வீட்டின் வயதுக்கேற்பக் குறைத்து, கடைசியில் எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் நீங்கள் கொடுத்த விலையோடு பொருந்தும்படி ஒத்துப்பார்ப்பார்கள். இந்தக் கடைசிப் படிதான் நல்ல அறிக்கையையும் மோசமான அறிக்கையையும் பிரித்துக் காட்டுவது. ஐந்து ஆண்டுப் பொருள்களுக்கு மட்டும் புது விலை போட்டு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எல்லாம் கட்டடத்தின் தலையில் கட்டும் அறிக்கையில், கட்டடத்தின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். தனி வீட்டுக்கு எல்லாம் முடிய மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். ஏப்ரல் மாதத் தாக்கல் நெருங்கும்போது இன்னும் தாமதமாகும்.

சர்ச்சை வருவது எல்லைக்கோட்டில் உள்ள பொருள்களில்தான். ஒட்டாமல் ஒன்றோடொன்று பூட்டி விரிக்கும் வினைல் பலகைத் தரை ஐந்து ஆண்டு. சிமெண்டில் பதித்த செராமிக் ஓடு கட்டடத்தின் அங்கம். கூரை, ஜன்னல், குளிர்சாதனம், தண்ணீர் சூடாக்கி ஆகியவை எவ்வளவு புதிதாக இருந்தாலும் கட்டடமே. சமையலறை அலமாரிகளைப் பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டில் போடுகின்றன. தணிக்கையில் நான் முதலில் கவலைப்படும் பதிவு அதுதான். 2012இல் அமெரிசவுத் என்ற நிறுவனத்தின் வழக்கை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1.025 கோடி டாலருக்கு வாங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பை அது ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகளாகப் பிரித்துக் காட்டியது. நிலத்தைச் சீர்படுத்திய செலவு, தண்ணீர்க் குழாய்ச் செலவு என்று அவற்றில் பெரும்பாலானவற்றை வரி நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. எண்ணிக்கையில் பெரிய அறிக்கையெல்லாம் உறுதியான அறிக்கை என்று நினைத்துவிடக் கூடாது.

இதற்கென்று அரசு உரிமம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். எனவே கேட்க வேண்டியவை சில உண்டு. கையெழுத்திடுபவருக்குக் கட்டுமானமும் வரிச் சட்டமும் இரண்டும் தெரியுமா, தணிக்கை வந்தால் அவரே வந்து பதில் சொல்வாரா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, நிலத்தின் பங்கை எதை வைத்து முடிவு செய்கிறார் என்று கேளுங்கள். நிலம் பற்றிய கேள்விதான் முக்கியமானது. கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சொத்து வரி மதிப்பீட்டில் நிலத்துக்கு 28 சதவீதம் என்று இருக்கும்போது, காரணம் சொல்லாமல் 12 சதவீதம் என்று எழுதும் அறிக்கை மேசைக்கு வந்தால், தணிக்கையாளர் வேறு பக்கத்தைப் புரட்டவே வேண்டியதில்லை. ஐஆர்எஸ் கையேடு ஆறு வகை ஆய்வு முறைகளை விவரித்து, உண்மையான செலவு ஆவணங்களிலிருந்து செய்வதை மிகவும் நம்பத்தக்கதாகவும், குத்துமதிப்பாகச் சதவீதம் போடுவதை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியதாகவும் சொல்கிறது. மலிவான மென்பொருள் அறிக்கைகள் இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கின்றன என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

விற்கும்போது நடப்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டடத்தில் ஆண்டுதோறும் சமமாக எடுத்த நேர்கோட்டுத் தேய்மானத்துக்கு ஈடான லாபத்தின் மீது அதிகபட்சம் 25 சதவீத வரி. ஐந்து ஆண்டுப் பொருள்களில் எடுத்த தேய்மானமோ, அவை விற்கும் நாளில் எவ்வளவு பெறுமோ அந்த அளவுக்குச் சாதாரண வருமானமாகத் திரும்பி வரும். அது உயர்ந்தபட்சம் 37 சதவீதம் வரை போகலாம். பத்தாண்டு பழைய கம்பளமும் அடுப்பும் அன்று எதுவும் பெறாது என்று காட்ட முடிந்தால் இழப்பு குறைவு. இரண்டே ஆண்டில் விற்றால் அப்படிச் சொல்ல முடியாது. மூன்று ஆண்டுக்குள் விற்கும் எண்ணம் இருப்பவர்கள் ஆய்வுப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வீட்டை முழுமையாக விற்கும் ஆண்டில், இதுவரை முடங்கிக் கிடந்த பேசிவ் நஷ்டம் எல்லாம் விடுபட்டுச் சம்பளத்திலும் கழிந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதாவது நீங்கள் சும்மா இருந்தாலும் அந்தக் கழிவு காணாமல் போவதில்லை. வீட்டைக் கடைசிவரை விற்காமல் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்பவர்களுக்கு, இறந்த நாளின் சந்தை விலையே புதிய அடிப்படை விலையாகிவிடுவதால் தேய்மானம் திரும்பி வருவதே இல்லை.

டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் அந்தப் பக்கம் உங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் உள்ள உறவினர்கள் உங்களைப் பார்த்துச் செய்ய நினைத்தால், அந்த மாநிலங்கள் போனஸ் தேய்மானத்தை ஏற்பதில்லை என்று சொல்லிவிடுங்கள். அங்கே கூட்டாட்சிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு தேய்மான அட்டவணைகளை வீடு கையில் இருக்கும் காலம் முழுவதும் பராமரிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது செலவில்லாத வேலைதான். வீட்டின் ஒவ்வொரு அறையையும் வெளிப்புறத்தையும் தேதியோடு காணொளி எடுத்து வையுங்கள். அப்ரைசலையும் அளவை வரைபடத்தையும் தனிக் கோப்பில் போடுங்கள். நான்கு ஆண்டு கழித்து ஆய்வு செய்ய வரும் பொறியாளருக்கு, வாங்கிய நாளில் என்ன இருந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். இதற்கிடையில் கம்பளத்தையோ ஃபிரிட்ஜையோ மாற்றினால், 2,500 டாலருக்கு மிகாத ரசீதுகளை அந்தந்த ஆண்டிலேயே செலவாக எழுதிக்கொள்ள விதி இருக்கிறது. அதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

சென்னை ஃபிளாட்டைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது. அமெரிக்காவில் வரி கட்டுகிறவர் என்ற முறையில் அந்த வாடகையையும் இங்கே காட்ட வேண்டும், தேய்மானமும் எடுக்க வேண்டும். ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே பயன்படும் சொத்துக்கு மாற்றுத் தேய்மான முறை கட்டாயம். 2018 முதல் வாடகைக்கு வந்த குடியிருப்புக்கு 30 ஆண்டுகள், அதற்கு முந்தையதற்கு 40 ஆண்டுகள். போனஸ் அறவே கிடையாது. உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும்கூட ஐந்துக்குப் பதில் ஒன்பது ஆண்டுகள். இப்படி இருக்கும்போது அங்கே பொறியாளரை அனுப்பி ஆய்வு செய்வதற்கு எந்தப் பொருளும் இல்லை. இந்திய வரிக் கணக்கிலோ வீட்டு வாடகைக்குத் தேய்மானமே கிடையாது. அதற்குப் பதில் 30 சதவீத நிலையான கழிவு தருகிறார்கள், அந்தக் கழிவை அமெரிக்கக் கணக்கில் கொண்டுவரக் கூடாது. அங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரே பிரிப்பு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இடையிலானது. பிரிபடாத நிலப் பங்குக்குத் தனிக் கிரயப் பத்திரமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் போட்டு வாங்கிய ஃபிளாட் என்றால், இரண்டின் விலையும் அந்த ஆவணங்களிலேயே தனித்தனியாக இருக்கும். பத்திரத்தின் நகலை உங்கள் கணக்காளரிடம் கொடுத்தால் போதும்.